கோடு எங்கே புள்ளியானது? – கணினி வரைகலை: வாசகர் கேள்வி பதில்

வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு, அதைத் தொடர்ந்து ஊருக்கு ஊர் திருவிழா என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நோட்டீசுக்கும் பனருக்கும் ஓய்வே இருக்காது. இம்முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே முறைப்பாடு: திரையில் கத்தியால் வெட்டினாற்போல இருந்த படம் எக்ஸ்போர்ட் செய்ததும் மங்கிவிட்டது. வெக்டர் கோப்புக்குள் இருப்பது "இங்கிருந்து அங்கே இப்படி வளைந்து ஒரு கோடு" என்ற கணக்கு மட்டும்தான். அந்தக் கணக்கு எவ்வளவு பெருக்கினாலும் மங்காது. எங்கோ ஓரிடத்தில், யாரோ ஒருவர் கையில், அது பிக்சலாக, அதாவது நிறப் புள்ளிகளாக, மாறுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி (களுவாஞ்சிகுடி): கோயில் திருவிழா நோட்டீசை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஏ4 அளவில் செய்து, பிஎன்ஜி படமாக எடுத்து, வட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன். ஏ3 தாளில் அடித்துத் தந்தார்கள். தலைப்பு பரவாயில்லை. உபயகாரர் பெயர்கள் எல்லாம் புகை படிந்தது போல இருக்கின்றன. வெக்டர் என்றால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது என்கிறார்களே?

பதில்: வெக்டராகவே போயிருந்தால் உடைந்திருக்காது. நீங்கள் அனுப்பியது அதைப் பிடித்த ஒரு போட்டோ. அதுவும் போகிற வழியில் மூன்று தரம் அடி வாங்கியிருக்கிறது.

முதல் அடி எக்ஸ்போர்ட் பெட்டியில். இங்க்ஸ்கேப் எதையும் கேட்காமல் 96 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், என்று வைத்துக்கொள்ளும். ஏ4 தாள் 96 டிபிஐயில் 794 × 1123 பிக்சல்தான். உபயகாரர் பெயர்களை 10 பொயின்ட் எழுத்தில் போட்டிருந்தால் ஒரு வரிக்குக் கிடைத்த உயரம் சுமார் 13 பிக்சல். "ஞ்" எழுத்தின் சுழி, கால், மேலே புள்ளி எல்லாம் அந்த 13 பிக்சலுக்குள் குந்த வேண்டும். ஆங்கில எழுத்து இதைத் தாங்கிவிடும், தமிழ் எழுத்து தாங்காது. தலைப்பு தப்பியதும் சின்ன எழுத்து மாட்டியதும் இதனால்தான்.

இரண்டாவது அடி வட்ஸ்அப்பில். போட்டோவாக அனுப்பினால் அது படத்தை மீண்டும் ஜேபெக் ஆக்கி இறுக்கிவிடும். எழுத்தின் ஓரமெல்லாம் கொசு மொய்த்தது போலப் புள்ளி விழும். மூன்றாவது அடி ஏ3. 794 பிக்சலை 11.69 அங்குல அகலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 68 பிக்சல்தான் மிஞ்சும். கையில் பிடித்து வாசிக்கிற தாளுக்கு 300 வேண்டும்.

இனிச் செய்யவேண்டியது இது. அச்சகத்துக்கு என்றால் பிஎன்ஜியை மறந்துவிடுங்கள். ஃபைல் மெனுவில் சேவ் அ கொப்பி போய் பிடிஎஃப் தெரிவு செய்யுங்கள். அங்கே வரும் பெட்டியில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றும் தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள். அச்சகத்துக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. இந்தக் கோப்பை ஏ3 இல் அடித்தாலும் சுவரளவுக்கு அடித்தாலும் ஒன்றுதான்.

அச்சகம் படமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஷிப்ட், கன்ட்ரோல், ஈ மூன்றையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்து, பேஜ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். தாளில் ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பிடித்தபடி இந்தப் பெட்டியைத் திறந்தால் அதை மட்டும் வெட்டி எடுத்துவிடக்கூடும், கவனம். பிறகு டிபிஐ பெட்டியைவிட பிக்சல் அகலப் பெட்டியைப் பாருங்கள். ஏ3க்கு 300 டிபிஐ என்றால் 3508 × 4961. உங்கள் தாள் ஏ4 ஆக இருந்தாலும் அகலத்தில் 3508 என்று அடித்தால் டிபிஐ எண் தானாக 424 அளவுக்கு ஏறிக்கொள்ளும். ஏறட்டும். இறுதியில் எத்தனை அங்குலத்தில் அடிக்கப்போகிறார்கள், அந்த அங்குலத்தை 300 ஆல் பெருக்கினால் எத்தனை பிக்சல் என்பது மட்டுமே கணக்கு. அனுப்பும்போது வட்ஸ்அப்பில் டொகுமென்ட் என்ற வழியால் அனுப்புங்கள். அதில் கோப்பு அப்படியே போகும்.

ஒரு தவறான வைத்தியமும் ஊரில் உலவுகிறது: ஏற்கெனவே எடுத்த 794 பிக்சல் படத்தை இன்னொரு மென்பொருளில் திறந்து, 96 என்றிருப்பதை 300 என்று மாற்றி மீண்டும் சேமிப்பது. அது போத்தலில் ஒட்டிய லேபிளை மாற்றுவது. உள்ளே இருக்கும் 794 பிக்சல் 794 ஆகவே இருக்கும்.

கேள்வி (மருதமுனை): கைத்தறிச் சாரனுக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தோம். எங்களிடம் இருந்த லோகோவை கோரல்ட்ரோவில் போட்டு பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தும், "இது வெக்டர் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். பிடிஎஃப் வெக்டர்தானே?

பதில்: பிடிஎஃப் ஒரு பை. சாரனை வைத்தால் சாரன், சாக்கை வைத்தால் சாக்கு. எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பு வகையும் அப்படியே. ஜேபெக் லோகோவைப் பைக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

பார்த்தறிய வழி: கோரல்ட்ரோவில் வியூ மெனுவில் வயர்ஃபிரேம், இலஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோலுடன் வை, இங்க்ஸ்கேப்பில் டிஸ்ப்ளே மோடில் அவுட்லைன். உண்மையான வெக்டர் என்றால் எழுத்தின் வளைவு வளைவாகக் கோடு தெரியும். வெறும் செவ்வகம் தெரிந்தால் அதற்குள் இருப்பது படம். எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்தாலும் தெரியும்: முடிவில்லாமல் ஓடும் அர்த்தமற்ற எழுத்துக் குவியல் இருந்தால் அது உள்ளே சுருட்டி வைத்த போட்டோ.

தானாக ட்ரேஸ் செய்யும், அதாவது படத்தின் ஓரங்களைப் பின்பற்றிக் கோடு வரையும், கருவி கோரல்ட்ரோவிலும் இங்க்ஸ்கேப்பிலும் இருக்கிறது. 200 பிக்சல் ஜேபெக்கை அதில் கொடுத்தால் ஜேபெக்கின் அழுக்கையும் சேர்த்து வளைவாக்கித் தரும். மூலைகள் தேய்ந்த சவர்க்காரம் போல உருளும். அச்சடித்த பழைய லேபிள் ஒன்று கையில் இருந்தால் அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, பிறகு ட்ரேஸ் செய்யுங்கள். அப்படியும் எழுத்துகளை ட்ரேஸ் செய்ய வேண்டாம். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மீண்டும் தட்டச்சு செய்யுங்கள். லோகோவில் வட்டமும் நேர்கோடும்தான் என்றால் கையால் மேலே வரைவதே விரைவு. அரை மணித்தியால வேலை. ஒருமுறை செய்து வைத்தால் லேபிளுக்கும் பெயர்ப்பலகைக்கும் அதே கோப்பு போதும்.

கேள்வி (வந்தாறுமூலை): ஆய்வுக்காக மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளையும் வெவ்வேறு நிறத்தில் நிரப்பி வரைபடம் செய்தேன். பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளின் எல்லையில் மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரிகிறது. உருப்பெருக்கிப் பார்த்தால் இடைவெளியே இல்லை. இரண்டு பிரிவுகளின் எல்லைப் புள்ளிகளும் ஒரே ஆள்கூற்றில்தான் இருக்கின்றன.

பதில்: உங்கள் வரைபடத்தில் பிழை இல்லை. மென்பொருளுக்குள் வரைந்து காட்டும் இயந்திரத்தின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, பெரும்பாலான மென்பொருளிலும்.

சாய்ந்த எல்லை ஒன்று ஒரு பிக்சலை நடுவால் வெட்டிப் போகிறது என்று வையுங்கள். முதலில் இடப்பக்கப் பிரிவு வரையப்படுகிறது. பிக்சலில் பாதியைத்தான் மூடுகிறது என்பதால், ஓரம் பல்லிளிக்காமல் இருக்க, இயந்திரம் பாதி நிறம் பூசுகிறது. பின்னாலுள்ள வெள்ளை பாதி மிஞ்சுகிறது. அடுத்து வலப்பக்கப் பிரிவு. அதுவும் பாதி. ஆனால் அது "மிச்சமிருக்கும் வெள்ளைப் பாதியை மூடு" என்று கணக்கிடுவதில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் கலவையில் பாதியை மூடுகிறது. வெள்ளையில் பாதி போய் கால்வாசி தப்பிவிடுகிறது. 25 சதவீதம் வெள்ளை எல்லை முழுவதும் வரிசையாகத் தப்பினால் அதுதான் நீங்கள் கண்ட மயிரிழை.

கணினித் திரையில் மட்டுமா, அச்சிலும் வருமா என்று முதலில் பாருங்கள். பிடிஎஃப்பை 100, 400, 1600 சதவீதம் என்று பெரிதாக்குங்கள். கோடு எப்போதும் ஒரே தடிப்பில் இருந்தால் அது திரையின் மாயம்; உண்மையான இடைவெளி என்றால் பெரிதாக்கும்போது கூடவே தடிக்கும். அக்ரோபாட்டில் ஸ்மூத் லைன் ஆர்ட் என்ற தெரிவை நிறுத்திப் பார்த்தாலும் மாயக் கோடு மறைந்துவிடும். வெறும் மாயம் என்றால் பிடிஎஃப்பைத் தாராளமாக அச்சுக்குக் கொடுக்கலாம். பிஎன்ஜி ஆக எடுத்தால் அந்த மாயம் பிக்சலில் பதிந்துவிடும், பிறகு போகாது.

நீக்க எளிய வழி, ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் நிரப்பு நிறத்திலேயே 0.3 பொயின்ட் ஓரக்கோடு போட்டு, மூலைச் சேர்க்கையை உருண்டையாக வைப்பது. பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று இம்மியளவு ஏறி நிற்கும், வெள்ளை தப்ப இடமிருக்காது. எல்லைக்கோடு கறுப்பாகத் தெரியத்தான் வேண்டும் என்றால் எல்லைகளைத் தனி அடுக்காக எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அது மூடிவிடும். மாவட்டம் முழுவதையும் ஒரே உருவாக இணைத்து நடுச்சாம்பல் நிறத்தில் அடியில் போடுவதும் ஒரு வழி. தப்புவது வெள்ளைக்குப் பதில் சாம்பலாக இருக்கும், கண்ணுக்குப் படாது. ஆனால் வாவியை வெற்றிடமாக விட்டிருந்தால் அந்த அடி உருவிலும் வாவியை வெட்டிவிட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மட்டக்களப்பு வாவி சாம்பலாகிவிடும்.

எதையும் தொட விருப்பமில்லை என்றால், ஓரம் மழுப்பும் அன்டிஏலியாசிங் வசதியை நிறுத்தி, தேவையைப் போல நான்கு மடங்கு அகலத்தில் பிஎன்ஜி எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் 25 சதவீதமாகச் சுருக்குங்கள். சுருக்கும்போது ஓரம் தானாக மழுங்கும், கோடு வராது.

கேள்வி (அக்கரைப்பற்று): 20 அடிக்கு 8 அடி மேடைப் பனர். இலஸ்ட்ரேட்டரில் 10க்கு 1 அளவில் செய்தோம். எழுத்து நல்ல கூர்மை. ஆனால் எழுத்துக்குப் பின்னாலுள்ள நிழல் மட்டும் கட்டம் கட்டமாக வந்தது. ஒரே கோப்பில் ஒன்று சரி, ஒன்று பிழை என்பது எப்படி?

பதில்: எழுத்து கோடு. நிழல் கோடு அல்ல. ட்ரொப் ஷடோ, குளோ, ப்ளர் என்பவற்றைக் கோடுகளால் சொல்ல முடியாது என்பதால், மென்பொருள் அவற்றை உள்ளுக்குள்ளேயே பிக்சலாக்கி வைக்கிறது. எந்த அடர்த்தியில் என்பது எஃபெக்ட் மெனுவில் டொகுமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. கோப்பைத் தொடங்கும்போது வெப் வகையைத் தெரிவு செய்திருந்தால் அது 72. பிரின்ட் வகை என்றால் 300.

10க்கு 1 அளவில் செய்ததே சரி. இலஸ்ட்ரேட்டரின் வழக்கமான தாள் எல்லை 227 அங்குலம், உங்கள் பனர் 240 அங்குலம். ஆனால் கோப்பைப் பத்து மடங்கு இழுக்கும்போது 72 என்பது 7.2 ஆகிவிடுகிறது. ஒரு கட்டம் மூன்றரை மில்லிமீட்டர். 20 அடி தூரத்தில் நிற்பவரின் நல்ல கண் பிரித்துக் காணக்கூடியது ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் என்பதால் பின்வரிசைக்காரருக்கும் தெரிந்திருக்கும். 300 என்று மாற்றுங்கள். இழுத்தபின் 30 ஆகும், கட்டம் 0.85 மில்லிமீட்டர். மேடைக்கு அது போதும். மாற்றியபின் நிழலின் தோற்றத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரு சில எஃபெக்டுகள் இந்த எண்ணோடு சேர்ந்து உருமாறும்.

இங்க்ஸ்கேப்காரருக்கும் இதே பொறி உண்டு. பிடிஎஃப் பெட்டியில் ஃபில்டர் எஃபெக்டுகளைப் பிக்சலாக்கும் அடர்த்தி 96 என்று இருக்கும். அதையும் 300 ஆக்குங்கள்.

பனர் முழுவதையும் 300 டிபிஐயில் ஜேபெக் ஆக எடுத்துத் தாருங்கள் என்று யாராவது கேட்டால் கணக்குக் காட்டுங்கள். 240 × 96 அங்குலம், 300 ஆல் பெருக்கினால் 72,000 × 28,800 பிக்சல். ஜேபெக் கோப்பால் ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல் ஏற்கவே முடியாது. பனருக்கு முழு அளவில் 72 போதும்: 17,280 × 6,912.

கேள்வி (ஏறாவூர்): அஸ்ஸலாமு அலைக்கும். கடை விளம்பரம், கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பேஸ்புக்கில் போட்டால் சிவப்பு வழிந்து பரவுகிறது. அதே படத்தில் வெள்ளை எழுத்து கூர்மையாக இருக்கிறது.

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். ஜேபெக் படத்தை ஒளி, நிறம் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். ஒளியை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைக்கும். நிறத்தை மட்டும், பெரும்பாலான அமைப்பில், நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிக்கும். மனிதக் கண் நிறத்தில் அவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை என்ற துணிவு. வெள்ளை எழுத்துக்கும் பச்சைக்கும் ஒளியில் பெரிய வித்தியாசம் இருப்பதால் ஓரம் கூர்மையாகவே நிற்கும். முழுச் சிவப்பின் ஒளி அளவு 255க்கு 76. பச்சை 130 என்ற அளவில் எடுத்த கரும்பச்சையின் ஒளியும் அதே 76. ஜேபெக்கின் ஒளிப் பாதியில் உங்கள் எழுத்தே இல்லை. எல்லாம் நிறப் பாதியில், நான்கில் ஒரு பங்கு துல்லியத்தில் இருக்கிறது. வழியாமல் என்ன செய்யும்?

எழுத்தைச் சுற்றி 3 பிக்சல் வெள்ளை ஓரம் போடுங்கள், அல்லது பச்சையை நன்றாக இருட்டாக்குங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து எழுத்து வாசிக்க முடிகிறதா என்று சோதிப்பதே சுருக்கு வழி. பேஸ்புக்குக்கு 2048 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜி ஆக ஏற்றுங்கள். ஏற்கெனவே ஜேபெக் ஆனதைக் கொடுத்தால் அது இரண்டாம் தரம் இறுக்கும்.

அச்சுக்குச் செய்த கோப்பையே அப்படியே பேஸ்புக்கிலும் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது அச்சு மைகளுக்கான சிஎம்வைகே நிறத்தில் இருக்கும். அதில் எடுத்த ஜேபெக் சில திரைகளில் வெளிறியும் சிலவற்றில் கண் கூசவும் தெரியும். எக்ஸ்போர்ட் பெட்டியில் நிற வகையைத் திரைக்கான ஆர்ஜிபி ஆக்குங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): பாமினியில் அடித்த கோப்பு அச்சகத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கிறது. கோடாக மாற்றிக் கொடுத்தால் சில எழுத்துகளுக்குள் வெள்ளை ஓட்டை விழுகிறது.

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் உருவை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். கோடாக மாற்றுவது சரியான வழிதான்: கோரல்ட்ரோவில் கன்ட்ரோலுடன் கியூ, இலஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோலும் ஷிப்டும் ஓவும், இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோலும் ஷிப்டும் சியும். மாற்றுமுன் ஒரு பிரதியைத் தனியே சேமியுங்கள். மாற்றியபின் ஒரு எழுத்துப்பிழை கண்டால் திருத்த முடியாது, அழைப்பிதழில் அது எப்போதும் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும்.

ஓட்டை விழுவது அதற்கு அடுத்த படியில். கோடாக்கியபின் எல்லாவற்றையும் கம்பைன் செய்திருப்பீர்கள். கம்பைன் செய்தால் இரண்டு உரு ஒன்றன்மேல் ஒன்று படும் இடம் வெட்டுப்பட்டு ஓட்டையாகும். "கி", "கீ" போன்றவற்றில் விசிறி எழுத்தின் மேலே ஏறி நிற்பதால் முதலில் அங்கேதான் தெரியும். அதற்குப் பதில் வெல்ட் செய்யுங்கள், அது உருக்களை வெட்டாமல் ஒன்றாக ஒட்டிவிடும். வெறுமனே கட்டிவைக்கத்தான் என்றால் குரூப் போதும்.

யூனிகோட் எழுத்துருவுக்கு மாறிய பின்னும் இலஸ்ட்ரேட்டரில் "கெ", "கொ" போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று எழுதியிருந்த செங்கலடி வாசகருக்கு: விருப்பத் தெரிவுகளில் டைப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான தெரிவைப் போட்டு, பரகிராஃப் பெட்டியின் மூலை மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கொம்போசரைத் தெரிவு செய்யுங்கள்.

கேள்வி (ஒலுவில்): ஆய்வறிக்கைக்கான வரைபுகளை பைதன் நிரல்மொழியில் செய்து வேர்டில் போட்டேன். பிடிஎஃப் ஆக்கியதும் மங்கிவிட்டன.

பதில்: இரண்டு இடம். பைதனில் வரைபு வரையும் மேட்ப்ளொட்லிப், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், 6.4 × 4.8 அங்குலத்தை 100 டிபிஐயில் எடுக்கும். அதாவது 640 × 480. சேமிக்கும் கட்டளையில் 300 என்று கொடுங்கள், இல்லையேல் எஸ்விஜி ஆகவே சேமியுங்கள். வேர்ட் 2019 முதல் எஸ்விஜியை நேரடியாகச் செருகலாம். ஆர் மொழியில் செய்கிறவர்களுக்கு இன்னும் மோசம்: அதன் பிஎன்ஜி கட்டளை சும்மா விட்டால் 480 × 480 தான் தரும்.

இரண்டாவது, வேர்ட் சேமிக்கும்போது கேட்காமலேயே படங்களை 220 டிபிஐ அளவுக்குச் சுருக்கும். ஒப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியைத் தொட்டுவிட்டு, அதற்குப் பிறகு படங்களைச் செருகுங்கள். ஏற்கெனவே சுருங்கியவை திரும்பி வராது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எக்செல் வரைபு என்றால் பேஸ்ட் ஸ்பெஷலில் என்ஹான்ஸ்ட் மெட்டாஃபைல்.

வரைபின் எக்ஸ், வை அச்சுகளுக்குத் தமிழில் பெயர் வைக்க விரும்பினால், மேட்ப்ளொட்லிப்பின் வழக்கமான எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் பெரும்பாலான பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறும். வரைபை எஸ்விஜி ஆக எடுத்து, பெயர்களை இங்க்ஸ்கேப்பில் எழுதுவதே தலையிடி இல்லாத வழி.

கேள்வி (நிந்தவூர்): 10 அடிப் பனரில் வானத்து நீலம் படிப்படியாக வெளிற வேண்டும். பட்டை பட்டையாக வந்தது. டிபிஐ கூட்டியும் போகவில்லை.

பதில்: டிபிஐயால் போகாது. ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு. உங்கள் இரண்டு நீலத்துக்கும் இடையே 20 படி வித்தியாசம் என்றால் 120 அங்குலத்தில் ஒவ்வொரு பட்டையும் 6 அங்குலம். நிறங்களின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது அந்தப் பின்னணியை மட்டும் படமாக்கி ஒன்றிரண்டு சதவீதம் நொய்ஸ் தூவுங்கள். மணல் தூவியது போல ஓரம் கலைந்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மணல் தெரியாது.

கேள்வி (பொத்துவில்): 512 பிக்சலில் அழகாக வரைந்த அலைச்சறுக்குப் பலகை ஐக்கொன், இணையத்தளத்துக்காக 32 பிக்சலில் எடுத்ததும் கோடுகள் சாம்பலாகி மங்குகின்றன.

பதில்: 512இல் 12 பிக்சல் தடித்த கோடு 32இல் முக்கால் பிக்சல். முக்கால் பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. அது வெளிறிய ஒரு பிக்சலாகவோ இரண்டு பிக்சலில் பரவிய சாம்பலாகவோதான் தெரியும். சின்ன ஐக்கொனைப் பெரியதிலிருந்து சுருக்காதீர்கள். 32 × 32 தாள் திறந்து, பிக்சல் கட்டத்தைக் காட்டச் செய்து, அதிலேயே மீண்டும் வரையுங்கள். பலகை, ஒரு அலை, அவ்வளவுதான்; துடுப்பும் கயிறும் வேண்டாம். கோடு 2 பிக்சல் என்றால் அதன் நடு அச்சு 5, 9 போன்ற முழு எண்ணில் நிற்கட்டும். 1 பிக்சல் கோடு என்றால் 5.5, 9.5 என்று அரையில் நிற்க வேண்டும், அப்போதுதான் அதன் இரு ஓரமும் கட்டத்தின் கோட்டில் விழும். அலை வளைவு எப்படியும் கொஞ்சம் மழுங்கும், அதை விட்டுவிடுங்கள்; நேர்கோடுகள் கட்டத்தில் உட்கார்ந்தாலே ஐக்கொன் கூர்மையாகத் தெரியும். தளத்தில் எஸ்விஜி ஆகவே போட்டாலும் இந்த வேலை தவறாது, ஏனென்றால் அங்கே பிக்சலாக்குவது பார்ப்பவரின் பிரவுசர்.